‘தூரம் இவ்வளவு, நேரம் இவ்வளவு’ என்று போட்டால் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். புதிய விமானச் சேவை தொடங்கும் செய்தி வரும்போதெல்லாம் கடைசியில் ஒரு வரி தவறாமல் இடம்பெறுகிறது: “இரு நகரங்களுக்கும் இடையிலான தூரம் இத்தனை கி.மீ.; பயண நேரம் இத்தனை மணி.” அந்த வரியை டிக்கெட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வாசகருக்குக் குழப்பம்தான் மிஞ்சும். செய்தியில் 6 மணி 20 நிமிடம், டிக்கெட்டில் 7 மணி 5 நிமிடம், திரும்பி வரும் டிக்கெட்டில் 8 மணி 15 நிமிடம். மூன்றில் எதுவும் பொய்யில்லை. ஒவ்வொன்றும் வெவ்வேறு பொருளை அளக்கிறது, அவ்வளவுதான். எதை அளந்த எண் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் அச்சிடுவதே சிக்கல். இணையத்தில் கிடைக்கும் தூரத்தை, விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ. என்று வைத்து 900-ஆல் வகுத்து நேரம் என்று போடுவது அதைவிடப் பெரிய சிக்கல்.

முதலில் தூரம். நகரங்களுக்கு இடையிலான வான்வழித் தூரம் என்று தேடினால் வருவது பெருவட்டத் தொலைவு. பூமியின் மையம் வழியாக வெட்டினால் கிடைக்கும் வட்டத்தின் மேல், இரு புள்ளிகளுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய வளைவு அது. தட்டையான வரைபடத்தில் இரண்டு ஊரையும் ஸ்கேல் வைத்து இணைக்கும் கோடு அதுவல்ல. நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. விமான நிலையமும் மாட்ரிட் விமான நிலையமும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் இருக்கின்றன: 40.64 பாகை வடக்கு, 40.47 பாகை வடக்கு. சுவர் வரைபடத்தைப் பார்க்கிறவர் நேர் கிழக்காகப் போனால் ஊர் வந்துவிடும் என்பார். அப்படி அட்சரேகையை ஒட்டியே போனால் சுமார் 5,930 கி.மீ. பெருவட்டத்தில் போனால் சுமார் 5,760 கி.மீ. ஆனால் அந்தக் குறுகிய வழி, நடுக்கடலில் 46 பாகை வடக்கு வரை ஏறி இறங்குகிறது. வரைபடத்தில் வில் மாதிரி வளைந்து தெரிவதுதான் குறுக்குவழி, நேராகத் தெரிவது சுற்றுவழி. 170 கி.மீ. மிச்சம் என்றால் ஏறத்தாழ 12 நிமிடம்.

இந்தக் கணக்கைச் செய்தியறையில் யார் வேண்டுமானாலும் சயின்டிஃபிக் கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கலாம். இரு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள்: 0.6513 × 0.6491 = 0.4227. இரு அட்சரேகைகளின் கோசைன்களையும், தீர்க்கரேகை வித்தியாசத்தின் கோசைனையும் பெருக்குங்கள். ஜே.எஃப்.கே. 73.78 மேற்கு, மாட்ரிட் 3.56 மேற்கு, வித்தியாசம் 70.22 பாகை, ஆக 0.7588 × 0.7607 × 0.3384 = 0.1953. இரண்டையும் கூட்டினால் 0.618. எந்தக் கோணத்தின் கோசைன் இது? 51.82 பாகை. பெருவட்டத்தில் ஒரு பாகை என்பது 111.2 கி.மீ.; பெருக்கினால் 5,762. முடிந்தது.

தப்பு நடக்கும் இடங்கள் சில உண்டு. முதலாவது, பாகையும் கலையும். விமான நிலையத்தின் அட்சரேகை 40°38′ என்று எழுதியிருக்கும். அதை அப்படியே 40.38 என்று தட்டிவிடுவார்கள். 38 கலையை 60-ஆல் வகுக்க வேண்டும், 40.63 என்பதே சரி. இந்த ஒரு சறுக்கல் புள்ளியை 28 கி.மீ. தெற்கே தள்ளிவிடும். அடுத்தது, மேற்குத் தீர்க்கரேகைக்கு எதிர்க்குறி போட மறப்பது. இரண்டு ஊரும் மேற்கிலேயே இருந்தால் தெரியாது. ஒன்று கிழக்கு, ஒன்று மேற்கு என்றால் விடை கண்டம் விட்டுக் கண்டம் தாவிவிடும். எக்செல்லில் போடுகிறவர்கள் பாகையை ரேடியனாக மாற்றாமல் போட்டுவிட்டு, வந்த எண் ஏதோ நம்பும்படியாக இருந்தால் அப்படியே எடுத்துக்கொள்வதும் நடக்கிறது. அந்த எண் நம்பும்படியாக அமைவது தற்செயல்.

பூமி சரியான உருண்டையும் அல்ல. நடுக்கோட்டு ஆரம் 6,378 கி.மீ., துருவ ஆரம் 6,357 கி.மீ. இந்தத் தட்டையைக் கணக்கில் கொள்ளும் கருவிகள் மேலே சொன்ன தூரத்துக்குச் சுமார் 15 கி.மீ. கூடுதலாகக் காட்டும். ஆகவே ஒரு இணையதளம் 5,762 என்றும் இன்னொன்று 5,776 என்றும் சொன்னால் இரண்டில் ஒன்று தவறு என்று பொருளில்லை. ஆனால் 5,762.37 கி.மீ. என்று தசமத்தோடு அச்சிடுவது வேடிக்கை. ஓடுபாதையே 3, 4 கி.மீ. நீளம்.

எந்த விமான நிலையத்திலிருந்து அளந்தது என்பதும் முக்கியம். நரிட்டா, டோக்கியோ நகர மையத்திலிருந்து சுமார் 60 கி.மீ. தள்ளி இருக்கிறது, ஹனேதா நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. “டோக்கியோவிலிருந்து” என்றால் எங்கிருந்து? லண்டன், நியூயார்க், பாரிஸ், மிலான் எல்லாவற்றுக்கும் இதே கேள்வி. ஊர்ப் பெயரை மட்டும் நம்பினால் இன்னும் பெரிய விபரீதம் வரும். சிட்னி என்ற பெயரில் ஆஸ்திரேலியாவில் ஒரு நகரம், கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் இன்னொன்று. பர்மிங்காம் இங்கிலாந்திலும் உண்டு, அலபாமாவிலும் உண்டு. சான் ஹோசே கோஸ்டாரிகாவின் தலைநகரம், கலிஃபோர்னியாவிலும் அதே பெயரில் பெரிய நகரம். மூன்றெழுத்து விமான நிலையக் குறியீட்டை வைத்துச் சரிபார்த்துவிட்டால் இந்தக் குழப்பமே வராது.

அடுத்து அலகு. விமானத் துறை தூரத்தைக் கடல் மைலில் சொல்லும். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.; சாலை மைல் 1.609 கி.மீ. பத்திரிகைக் குறிப்பில் “மைல்” என்று மட்டும் இருந்தால், அது எந்த மைல் என்று கேட்காமல் 1.6-ஆல் பெருக்கக் கூடாது. 3,000 கடல் மைல் என்பது 5,556 கி.மீ. சாலை மைல் என்று நினைத்துப் பெருக்கினால் 4,828 வரும், 700 கி.மீ.க்கு மேல் காணாமல் போய்விடும். வேகத்தைச் சொல்லும் ‘நாட்’ என்பதும் மணிக்கு ஒரு கடல் மைல்தான். பெருவட்டத்தின் ஒரு பாகைக்குக் கிட்டத்தட்ட 60 கடல் மைல் வருவதால்தான் இத்துறை இந்த அலகை விடாமல் வைத்திருக்கிறது.

இது வரை சொன்னது கணிதம். விமானம் இந்தக் கோட்டில் பறக்கிறதா என்றால், பெரும்பாலும் இல்லை. புறப்படும் ஓடுபாதை மேற்கு நோக்கி இருந்து, போக வேண்டிய ஊர் கிழக்கே இருந்தால் முதல் சில நிமிடங்கள் எதிர்த்திசையில்தான் போகும். பிறகு அந்த விமான நிலையத்துக்கென்று வகுத்த புறப்பாட்டு வழி, வான்பாதைகள், இறங்கும் ஊரின் வருகை வழி, நெரிசல் இருந்தால் வானில் வட்டம். ராணுவப் பயிற்சிக்காக அடைத்த வான்பரப்பும் இடி மேகமும் தனிக்கணக்கு. இவையெல்லாம் சேர்ந்து சாதாரணமாகச் சில சதவீதம் கூடும். குறுகிய பயணத்தில் இந்தச் சதவீதம் அதிகம், நீண்ட பயணத்தில் குறைவு.

ஆனால் அரசியல் குறுக்கே வந்தால் சில சதவீதத்தோடு நிற்காது. 2022 பிப்ரவரி இறுதியில் ரஷ்ய வான்பரப்பு ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டது. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்குப் பெருவட்டத் தொலைவு 8,000 கி.மீ.க்கும் குறைவு, அதன் பெரும்பகுதி ரஷ்யாவின் மேல் போகிறது. முன்பு ஒன்பது, ஒன்பதரை மணி நேரத்தில் முடிந்த பயணம் சுமார் 13 மணி நேரமானது. வடதுருவத்தைத் தாண்டி அலாஸ்கா பக்கமாகத் தெற்கே திரும்பும் வழி ஒன்று. தெற்கே மத்திய ஆசியா, சீனா வழியாகச் சுற்றும் வழி இன்னொன்று. ஊர்கள் இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, இணையதளம் காட்டும் கி.மீ.யும் மாறவில்லை. நேரம் மட்டும் நான்கு மணி ஏறிவிட்டது. 2025 ஏப்ரல் இறுதியில் பாகிஸ்தான் தன் வான்பரப்பை இந்திய விமானங்களுக்கு மூடியபோது டெல்லியிலிருந்து மேற்கே போகும் சேவைகளுக்கும் இப்படித்தான் சுற்று கூடியது.

வேறு காரணங்களும் உண்டு. திபெத் பீடபூமியின் சராசரி உயரமே சுமார் 4,500 மீட்டர். கேபினில் காற்றழுத்தம் போனால் விமானம் 10,000 அடிக்கு, அதாவது 3,048 மீட்டருக்கு, இறங்க வேண்டும். அங்கே அந்த உயரத்தில் தரைதான் இருக்கிறது. அதனால் தப்பிக்கும் வழியும் கூடுதல் ஆக்சிஜனும் ஏற்பாடு செய்யாமல் அந்தப் பக்கம் திட்டம் போட மாட்டார்கள். இரண்டு என்ஜின் விமானம் பெருங்கடலைக் கடந்தால், ஒரு என்ஜின் நின்றாலும் குறித்த நிமிடங்களுக்குள் மாற்று விமான நிலையம் ஒன்றை எட்டும்படி பாதை அமைய வேண்டும். சிட்னி–சான்டியாகோ போன்ற தென்கோளப் பாதைகளில், பெருவட்டம் அண்டார்டிகாவை நோக்கி வளையும் இடங்களில், இந்த விதிதான் கோட்டை வடக்கே இழுக்கிறது. துருவப் பகுதிகளில் எரிபொருள் உறைநிலையையும் பார்க்க வேண்டும்: ஜெட் ஏ-1 எரிபொருளுக்கு −47 பாகை செல்சியஸ், அமெரிக்காவில் நிரப்பும் ஜெட் ஏ-வுக்கு −40.

இனி நேரத்துக்கு வருவோம். ஒரு விமானப் பயணத்துக்கு நான்கு நேரங்கள் பதிவாகின்றன. கேட்டிலிருந்து நகரத் தொடங்கிய நேரம், ஓடுபாதையிலிருந்து சக்கரம் எழும்பிய நேரம், சக்கரம் தரை தொட்ட நேரம், கேட்டில் வந்து நின்ற நேரம். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடைப்பட்டது பறக்கும் நேரம். முதலாவதற்கும் நான்காவதற்கும் இடைப்பட்டது ‘பிளாக் டைம்’. சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டையை எடுத்ததிலிருந்து திரும்ப வைக்கும் வரை என்று கொள்ளலாம். டிக்கெட்டில் இருப்பது பிளாக் டைம். “இன்று 6 மணி 20 நிமிடம் பறப்போம்” என்று கேப்டன் மைக்கில் சொல்வது பறக்கும் நேரம். இரண்டுக்கும் அரை மணி, முக்கால் மணி இடைவெளி இருப்பது சாதாரணம். கேட்டுக்கும் ஓடுபாதைக்கும் இடையே விமானம் தரையில் ஊர்ந்து செல்வதை ‘டாக்சி’ என்பார்கள்; பெரிய விமான நிலையங்களில் அதற்கு மட்டும் 20, 25 நிமிடம் போகும். மாலை நெரிசலில் இன்னும் கூடும்.

அட்டவணை நேரத்தில் கொஞ்சம் கூடுதலும் சேர்த்தே வைத்திருப்பார்கள். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை, அட்டவணை நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் கேட்டுக்கு வந்தால் ‘சரியான நேரம்’ என்று கணக்கிடுகிறது. அந்தக் கணக்கில் நல்ல பெயர் எடுக்க நிறுவனங்களுக்குச் சுலபமான வழி, அட்டவணையைச் சற்றுத் தாராளமாகப் போடுவது. அரை மணி தாமதமாகக் கிளம்பிய விமானம் நேரத்துக்கே போய்ச் சேர்வதன் ரகசியத்தில் பாதி இதுதான்; பைலட் விரட்டி ஓட்டியதாக எழுத வேண்டியதில்லை.

வேகம் பற்றி: ஏர்பஸ் ஏ320, போயிங் 737 வகைகள் மாக் 0.78 அளவிலும், போயிங் 787, ஏர்பஸ் ஏ350 வகைகள் மாக் 0.85 அளவிலும் பயணிக்கும். மாக் 1 என்பது ஒலியின் வேகம். 11 கி.மீ. உயரத்தில் வெப்பநிலை −56.5 பாகை என்று கொண்டால் ஒலியின் வேகம் மணிக்கு 1,062 கி.மீ.; எனவே முதல் வகைக்கு மணிக்குச் சுமார் 830, இரண்டாவது வகைக்குச் சுமார் 900 கி.மீ. ஆனால் இது உச்சியில் போகும் வேகம் மட்டுமே. 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட் கட்டுப்பாடு. ஏறுவதற்கு 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். இறங்குவதற்கு, எத்தனை ஆயிரம் அடி உயரமோ அதைப்போல மூன்று மடங்கு கடல் மைல் வேண்டும். 35,000 அடியிலிருந்து இறங்க 105 கடல் மைல், அதாவது கிட்டத்தட்ட 195 கி.மீ. முன்பே தொடங்க வேண்டும். 500 கி.மீ. பயணத்தில் உச்சியில் நிலையாகப் போகும் தூரமே சொற்பம். ஆகவே 500-ஐ 900-ஆல் வகுத்து “33 நிமிடப் பயணம்” என்று எழுதினால் அது எந்த விமானத்துக்கும் பொருந்தாது. பறப்பது 50, 55 நிமிடம்; டிக்கெட்டில் ஒன்றேகால் மணி. சராசரி வேகம் மணிக்கு 400 கி.மீ.தான்.

உத்தேசமாக ஒரு நேரம் வேண்டுமென்றால் இப்படிப் போடலாம். பெருவட்டத் தொலைவோடு 3 முதல் 6 சதவீதம் சேர்க்கவும். குறுகிய பயணத்துக்கு 6, நீண்ட பயணத்துக்கு 3. அதை விமானத்தின் வேகத்தோடு பின்காற்றைக் கூட்டி அல்லது எதிர்க்காற்றைக் கழித்து வரும் வேகத்தால் வகுக்கவும். ஏற்ற இறக்கத்துக்காக 15 நிமிடம். இரு பக்கமும் டாக்சிக்கு 20 முதல் 35 நிமிடம். ஜே.எஃப்.கே.–மாட்ரிட்டையே எடுத்துக்கொண்டால் 5,762-உடன் 3 சதவீதம் சேர்த்து 5,935. விமானத்தின் வேகம் 870, பின்காற்று 80 என்றால் 950. 6 மணி 15 நிமிடம். கூடவே 15, டாக்சி 35. ஏழு மணி ஐந்து நிமிடம். மாட்ரிட்டிலிருந்து வரும்போது 870-லிருந்து 80 போக 790. 7 மணி 30 நிமிடம், கூட 15, டாக்சி 30. எட்டேகால் மணி. அட்டவணையில் இருப்பவை இவற்றுக்கு மிக அருகிலேயே இருக்கும்.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். செய்திகளில் அதிகம் பிசகுவது இங்கேதான். மத்திய அட்சரேகைகளில் 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் ஸ்ட்ரீம், குளிர்காலத்தில் 100 நாட்டைத் தாண்டுவது சாதாரணம்; 200 நாட்டைத் தொடுவதும் உண்டு. இது ஒரே இடத்தில் நிற்காது, நாளுக்கு நாள் வளைந்து நகரும். அதனால் வட அட்லாண்டிக்கில் பாதைகளையே தினமும் புதிதாக வரைகிறார்கள். ஐரோப்பாவிலிருந்து பகலில் மேற்கே போகும் விமானங்களுக்கு ஒரு தொகுதி, அமெரிக்காவிலிருந்து இரவில் கிழக்கே வரும் விமானங்களுக்கு இன்னொரு தொகுதி. கிழக்கே வருபவை காற்றோட்டத்தில் ஏறிக்கொள்ளும். மேற்கே போகிறவை அதை விட்டு விலகிச் சுற்றிப் போகும். ஆக, போகும் வழியும் வரும் வழியும் ஒன்றல்ல.

2020 பிப்ரவரியில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்தது. சுமார் 5,550 கி.மீ.; சராசரி மணிக்கு 1,125 கி.மீ., உச்சத்தில் 1,300-க்கும் மேல். உடனே “ஒலியை விஞ்சிய பயணிகள் விமானம்” என்று தலைப்பு வந்துவிடுகிறது. விஞ்சவில்லை. ஒலி வேகம் என்பது விமானத்தைச் சூழ்ந்த காற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது. அந்தக் காற்றைப் பொறுத்தவரை 747 தன் வழக்கமான மாக் 0.85 அளவில்தான் போய்க்கொண்டிருந்தது. புயலோடு வந்த காற்று மிச்ச வேகத்தைக் கொடுத்தது. ஓடும் ரயிலுக்குள் நடக்கிறவரின் நடை வேகத்தைத் தண்டவாளத்திலிருந்து அளந்தது போல. முன்னிருக்கைத் திரையில் தெரிவதும் தரை வேகமே. உண்மையிலேயே ஒலியை விஞ்சிய கான்கார்ட், இதே வழியை 1996 பிப்ரவரி 7 அன்று 2 மணி 52 நிமிடம் 59 நொடியில் கடந்தது.

போகும்போது காற்று தரும் லாபமும் வரும்போது ஏற்படும் நட்டமும் சரிக்குச் சரியாகிவிடும் என்றொரு நினைப்பு பலருக்கு உண்டு. ஆகாது. 7,200 கி.மீ. தூரம், விமான வேகம் 900, காற்று 100 என்று வையுங்கள். காற்றே இல்லாவிட்டால் போக 8, வர 8, மொத்தம் 16 மணி. காற்று இருந்தால் போக 7 மணி 12 நிமிடம், வர 9 மணி. மொத்தம் 16 மணி 12 நிமிடம். எதிர்க்காற்றில் கூடுதல் நேரம் சிக்கிக் கிடப்பதால் நட்டம் எப்போதும் லாபத்தைவிடப் பெரிது.

தூரம் கூடினால் நேரம் கூடும் என்பதும் எப்போதும் சரியல்ல. டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் பெருவட்டத் தொலைவு சுமார் 12,400 கி.மீ. ஏர் இந்தியா முதலில் அட்லாண்டிக் வழியாகச் சுமார் 13,900 கி.மீ. பறந்து போய்க்கொண்டிருந்தது. 2016 அக்டோபரில் பசிபிக் வழிக்கு மாறியது. தூரம் சுமார் 15,300 கி.மீ. ஆயிரத்து நானூறு கி.மீ. அதிகம். ஆனால் வழிநெடுகப் பின்காற்று கிடைத்ததால் பதினான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது; பழைய வழியைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மிச்சம். ஒரே ஜோடி நகரங்களுக்கு மூன்று தூரங்கள், அதிலும் மிக நீளமானது பழைய வழியைவிட வேகமானது. இந்தச் செய்தியில் “தூரம் இவ்வளவு” என்று ஒரே எண்ணைப் போட்டால் வாசகருக்கு என்ன விளங்கும்?

அடுத்த குழப்பம் கடிகாரம். டிக்கெட்டில் உள்ள நேரங்கள் அந்தந்த ஊர் நேரங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் பயண நேரம் வராது. இரண்டையும் உலகப் பொது நேரமான யுடிசிக்கு மாற்றிவிட்டுக் கழிக்க வேண்டும். டோக்கியோவில் மாலை 5 மணிக்குக் கிளம்பி 10 மணி நேரம் பயணித்தால் லாஸ் ஏஞ்சலிஸில் கோடைக்காலத்தில் அதே தேதி காலை 11 மணி. புறப்பட்டது யுடிசி 8 மணி, சேர்ந்தது யுடிசி 18 மணி. கிளம்பிய நேரத்துக்கு ஆறு மணி நேரம் முன்பே போய்ச் சேர்ந்ததாகத் தெரியும். அங்கிருந்து காலை 11-க்குக் கிளம்பினால் டோக்கியோவில் மறுநாள் பிற்பகல் 2.45; கடிகாரப்படி 27 மணி 45 நிமிடம், 16 மணி நேர வித்தியாசம் போக உண்மையில் 11 மணி 45 நிமிடம்.

நேர வித்தியாசமும் ஆண்டு முழுக்க ஒன்றாக இருக்காது. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் 5 மணி என்று மனப்பாடமாக வைத்திருப்போம். அமெரிக்கா மார்ச் இரண்டாவது ஞாயிறன்று கடிகாரத்தை முன்னே தள்ளுகிறது, ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறன்று. இடைப்பட்ட இரண்டு, மூன்று வாரங்களுக்கு வித்தியாசம் 4 மணிதான். அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரையும் அப்படியே. அந்த நாட்களில் யாராவது பழைய 5 மணியைக் கழித்துக் கணக்குப் போட்டால் பயணம் ஒரு மணி நேரம் பிசகித் தெரியும். முழு மணியில் அமையாத நாடுகளையும் மறக்கக் கூடாது: இந்தியா 5.30, நேபாளம் 5.45.

சொல் ஒன்றையும் திருத்திக்கொள்ள வேண்டும். ‘நேரடி விமானம்’ என்று எழுதுகிறோம். துறையில் நேரடி என்றால் ஒரே சேவை எண்ணில் போவது. வழியில் ஓர் ஊரில் இறங்கி ஏறலாம். எங்கும் இறங்காமல் போவது ‘இடைநில்லா விமானம்’. இரண்டுக்கும் இரண்டு, மூன்று மணி நேர வித்தியாசம் வரலாம். பெர்த்–லண்டன் 14,500 கி.மீ. சேவை 2018 மார்ச்சில் தொடங்கியபோது அதன் பெருமையே அது இடைநில்லாதது என்பதுதான். சுமார் 17 மணி நேரம். அதை ‘நேரடி’ என்று எழுதினால் சாரமே போய்விடுகிறது. இணைப்பு விமானமாக இருந்தால் இரண்டு பிளாக் டைமையும் இடையில் காத்திருக்கும் நேரத்தையும் கூட்டினால்தான் மொத்தப் பயண நேரம்.

இதெல்லாம் வெறும் நுணுக்கம் என்று தோன்றினால் ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குமுறையைப் பாருங்கள். விமானம் ரத்தானாலோ மிகவும் தாமதமானாலோ பயணிக்குக் கிடைக்கும் இழப்பீட்டுத் தொகை 250, 400, 600 யூரோ என்பது 1,500, 3,500 கி.மீ. எல்லைகளை வைத்தே தீர்மானமாகிறது. அந்தத் தூரத்தைப் பெருவட்ட முறையில் அளக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. ரோமிலிருந்து பிரஸ்ஸல்ஸ் வழியாக ஹாம்பர்க் போனவர்களின் வழக்கு ஒன்று உண்டு. இரண்டு கட்டங்களையும் கூட்டினால் 1,656 கி.மீ.; ரோமிலிருந்து ஹாம்பர்குக்கு நேர்த்தொலைவு 1,326 கி.மீ. கூட்டிப் பார்த்தால் 400 யூரோ, நேர்த்தொலைவைப் பார்த்தால் 250. நேர்த்தொலைவுதான் கணக்கு என்று 2017 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நேரத்துக்கும் ஒரு தீர்ப்பு இருக்கிறது, 2014 செப்டம்பரில். விமானம் ‘வந்து சேர்ந்தது’ எப்போது? சக்கரம் தரை தொட்டபோதல்ல, கேட்டில் நின்றபோதும் அல்ல. பயணிகள் இறங்குவதற்காக ஒரு கதவாவது திறந்தபோது. தரை தொட்ட நேரத்தை வைத்து ‘மூன்று மணிக்குக் குறைவான தாமதம்’ என்று எழுதிவிட்டால், கதவு திறக்கப் பத்து நிமிடம் ஆன பயணியின் உரிமையே மாறிப்போகும்.

தங்கள் செய்தியாளர்கள் இனி சேவை பற்றி எழுதும்போது, விமான நிலையத்தின் பெயர், பெருவட்டத் தொலைவு பத்து கி.மீ.க்கு முழுமையாக்கி, போகும் நேரமும் வரும் நேரமும் தனித்தனியே, அது பிளாக் டைமா பறக்கும் நேரமா, இடையில் இறங்குமா, இவ்வளவையும் ஒரே வரியில் சேர்க்கலாம். உதாரணமாக: “நியூயார்க் ஜே.எஃப்.கே.–மாட்ரிட், இடைநில்லாச் சேவை. பெருவட்டத் தொலைவு சுமார் 5,760 கி.மீ.; கேட்டிலிருந்து கேட்டுக்கு, போக சுமார் 7 மணி, வர சுமார் எட்டேகால் மணி.” குளிர்கால அட்டவணை அக்டோபர் கடைசி ஞாயிறிலும் கோடை அட்டவணை மார்ச் கடைசி ஞாயிறிலும் மாறுவதால், எந்தப் பருவத்தின் அட்டவணை என்று நாலெழுத்து சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
விமானப் பயணத் திட்டமிடல் அறிந்த வாசகர்